அடி வாங்கிய ராட்சதன்

அப்பாவுக்குக் காது மந்தமாகி மூன்று வருடம் ஆகிறது. மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே இரைச்சல்" என்று கழற்றி மேஜை டிராயரில் போட்டவர்தான், அப்புறம் அதைத் தொடவே இல்லை. டிவி பக்கமும் போவதில்லை. வெறும் வாய் அசைவை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்பது அவர் கட்சி.

போன கோடை விடுமுறையில் என் மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சார்லி சாப்ளின் படம் ஒன்றைப் போட்டான். 'ஈஸி ஸ்ட்ரீட்'. 1917 ஜனவரியில் வந்த ஊமைப்படம், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரே இடத்தில் சிரிக்கவில்லை. சாப்ளின் ஏதாவது செய்ததும் பையன் சிரிக்கிறான். அப்பாவுக்குச் சிரிப்பு வருவது அதற்கு ஒரு நொடி கழித்து. படம் முடிந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அந்தத் தடியன் யாரு? அவன் பேரு என்னன்னு பாரு."

அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா இளவட்டமாக இருந்தபோது ஊர்த் திருவிழா நாடகங்களில் நடித்தவர். ஆள் நல்ல உயரம், அதனாலேயே கதாநாயகன் வேஷம் கிடைத்ததில்லை. ரவுடி, ஜமீன்தாரின் அடியாள், ஒரு வருடம் எமன். யாரிடமாவது அடி வாங்கி விழுவதுதான் வேலை. கதாநாயகனாக வந்த மளிகைக்கடைக்காரர் மகன் ஓங்கிய கை இவர் மேல் பட்டதே இல்லையாம். இவர் விழுந்த விழுகைக்குத்தான் ஜனங்கள் விசில் அடித்தார்களாம். "அடிக்கிறவன் நடிக்கவே வேணாம். அடி வாங்குறவன்தான் நடிக்கணும்" என்று எங்களுக்குச் சலித்துப்போகும்வரை சொல்லியிருக்கிறார். நான் அதை ஒரு தோற்றுப்போன நடிகரின் புலம்பலாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, பெயரைப் பார்த்தேன். எரிக் காம்ப்பெல்.

முகம் எனக்கும் தெரிந்த முகம்தான். கண்ணுக்கு மேலே தீட்டி விட்டதுபோல் நெற்றியை நோக்கி ஏறும் புருவம், முறைத்த விழி, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. ஆறேகால் அடிக்கு மேல் உயரம். ஏறக்குறைய 300 பவுண்டு எடை, நம் கணக்கில் 135 கிலோ. சாப்ளினோ ஐந்தரை அடிக்கும் குறைவு. சிறு வயதில் வீடியோ கேசட்டில் பார்த்த காலத்திலிருந்து அந்த ஆள் எனக்கு வெறும் 'குண்டு வில்லன்'. அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்றுகூட யோசித்ததில்லை.

அவருடைய ஊர் எது என்பதிலேயே ஒரு குழப்பம் நெடுங்காலம் இருந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள டனூன் என்ற சிற்றூர்க்காரர் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த ஊரில் அவருக்கு நினைவுப் பலகைகூட வைத்தார்கள். பிறப்புப் பதிவைத் தேடிப் பார்த்தால், 1880 ஏப்ரலில் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சேல் என்ற ஊரில் பிறந்திருக்கிறார். டனூன்காரர்கள் பாவம். பலகையை ஆசையாக வைத்தவர்கள் அவர்கள், ஆள் வேறு ஊர்க்காரராகிவிட்டார்.

மேடையில் வளர்ந்தவர். பிரெட் கார்னோ என்பவரின் நகைச்சுவைக் குழுவில் இருந்தார். சாப்ளினும் பின்னாளில் லாரல்–ஹார்டி ஜோடியில் ஒருவரான ஸ்டான் லாரலும் பயின்றது அதே குழுவில்தான். கார்னோவின் ஆட்கள் பேச்சை நம்பிப் பிழைத்தவர்கள் அல்ல. உதைப்பது, வழுக்குவது, தட்டோடு விழுவது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்து, நடனம்போல் ஒத்திகை பார்ப்பார்கள். ஒருவன் அரை நொடி பிந்தினால் அடுத்தவன் பல் உடையும். எரிக் திரைக்கு வரும்போது இந்தப் பழக்கத்தோடுதான் வந்தார். ஆள் உருவத்தைப் பார்த்து இழுத்துவந்து நிறுத்திய பயில்வான் இல்லை அவர்.

1916 பிப்ரவரியில் சாப்ளின் மியூச்சுவல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். வாரம் 10,000 டாலர் சம்பளம், அதற்கு மேல் கையெழுத்துக்காக 1,50,000 டாலர். ஆக வருடத்துக்கு 6,70,000 டாலர். அப்போது சாப்ளினுக்கு வயது 26. பதிலுக்கு அவர் தர வேண்டியது பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றும் இரண்டு ரீல். அந்தச் சமயத்தில் நியூயார்க் மேடையில் நடித்துக்கொண்டிருந்தார் எரிக். சாப்ளின் அவரைத் தன்னோடு கலிபோர்னியாவுக்கு அழைத்துப் போனார். ஹாலிவுட்டில் லோன் ஸ்டார் என்ற ஸ்டுடியோ. நாயகி எட்னா பர்வியன்ஸ், ஒல்லியான ஆல்பர்ட் ஆஸ்டின், எந்த வேஷம் கொடுத்தாலும் போட்டுக்கொள்ளும் ஹென்றி பெர்க்மன், கேமராவுக்கு ரோலி டாதரோ. ஒரு நாடகக் கம்பெனி மாதிரியே இருந்திருக்கிறது.

அந்தப் பன்னிரண்டில் பதினொன்றில் எரிக் இருக்கிறார். விட்டுப்போன 'ஒன் ஏ.எம்.' படத்தில் சாப்ளின் ஏறக்குறையத் தனியாளாகக் குடிவெறியில் தன் வீட்டு மாடிப்படியோடு மல்லுக்கட்டுகிறார். அதை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் கண் தானாகவே வாசலைப் பார்க்கிறது, அந்தத் தடியன் வரமாட்டானா என்று.

வேஷங்கள் பலவகை. 'தி ஃப்ளோர்வாக்கர்' படத்தில் பெரிய கடை ஒன்றின் மேலாளர். நகரும் படிக்கட்டு அன்றைக்குப் புதுமை. மேலே போகிற படியில் கீழ்நோக்கி ஓடிக்கொண்டே, ஓர் அடிகூட நகராமல் துரத்துவது அந்தப் படத்தில் வருகிறது. 'தி ஃபயர்மேன்' படத்தில் தீயணைப்பு அதிகாரி. 'தி கவுன்ட்' படத்தில் தையல்காரர். 'பிஹைண்ட் த ஸ்க்ரீன்' படத்தில் இவர் பெயர் கோலியாத், சாப்ளின் பெயர் டேவிட். நாற்காலிகளை எல்லாம் முள்ளம்பன்றி மாதிரி முதுகில் சுமந்து திரிவது டேவிட், தூங்கி எழுந்து தின்பது கோலியாத். 'தி வேகபாண்ட்' மட்டும் வேறு ரகம். அதில் நாடோடிக் கூட்டத்தின் தலைவனாக வந்து எட்னாவைச் சாட்டையால் அடிப்பார். அங்கே சிரிப்பு வராது, உண்மையாகவே பயம் வரும். வேண்டும்போது பயமுறுத்த அவரால் முடியும் என்று தெரிந்த பிறகு, மற்ற படங்களில் அந்தப் பயத்தை எவ்வளவு அளந்து அளந்து ஊற்றுகிறார் என்பது புரிகிறது.

இனி 'ஈஸி ஸ்ட்ரீட்'. ஒரு தெருவையே மிரட்டி வைத்திருக்கும் முரடன். போலீஸ்காரர்களைத் துணி மூட்டைபோல் எறிகிறவன். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த போலீஸ்காரராக சாப்ளின் வருகிறார். தடியால் முரடன் மண்டையில் அடிக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அடிக்கிறார். ஒன்றும் ஆகவில்லை.

இந்த 'ஒன்றும் ஆகவில்லை' என்பதை நடிப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். கண் சிமிட்டினால் போச்சு. வலிக்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டாலும் போச்சு, அப்போது வலியை மறைக்கிறான் என்று ஆகிவிடும். அடியே விழவில்லை என்று அந்த உடம்பு நம்ப வேண்டும். ஈ உட்கார்ந்ததற்குக்கூட ஏதோ அசைவு இருக்கும், இங்கே அதுவும் இல்லை. எரிக் அப்படி நிற்பதனால்தான் சாப்ளின் முகத்தில் பரவும் திகில் நம்மைச் சிரிக்க வைக்கிறது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்களே, அந்தச் சுவர்.

அடுத்து, தன் பலத்தைக் காட்ட முரடன் தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்து வளைக்கிறான். விளக்கு அவன் தலை மட்டத்துக்கு இறங்கியதும் சாப்ளின் அவன் முதுகில் தாவி ஏறி, விளக்குக் கூண்டை அவன் தலையில் கவிழ்த்து, கேஸைத் திறந்து விடுகிறார். அது கேஸ் விளக்குக் காலம். முரடன் மயங்கிச் சரிகிறான். இந்தக் காட்சியை எடுக்கும்போது விளக்கு இடித்து மூக்கில் அடிபட்டது சாப்ளினுக்குத்தான். அப்பா இந்த இடத்தை நிறுத்தச் சொல்லிக் காட்டினார். சாப்ளின் தாவுவதற்கு முன் எரிக் குனிந்து முதுகைத் தயாராகக் கொடுத்துவிடுகிறார். பார்க்கிறவனுக்கு அவன் கம்பத்தை வளைக்கிறான், அவ்வளவுதான். "பாரு, ஏத்திக்கிறான்" என்றார் அப்பா. ஏறுகிறவனை ஏற்றிக்கொள்வது என்ற வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். சண்டைக் காட்சியில் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால், திரையில் எல்லாம் வேகமாக ஓடும். சாப்ளினுக்கு அது லாபம், அவர் அணில்போல ஆகிவிடுவார். பெரிய உடம்புக்காரனுக்கு அது ஆபத்து, யானை எலிபோல் ஓடினால் கனம் போய்விடும். எரிக்கின் அசைவைக் கவனித்தால் அவர் ஓர் அரைக்கால் மெதுவாகவே எல்லாவற்றையும் செய்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. திரையில் வேகம் கூடினாலும் அந்தக் கனம் குறைவதில்லை.

அவர் எவ்வளவு அவசியம் என்பதற்கு சாப்ளினே ஒரு சாட்சியம் விட்டுப் போயிருக்கிறார், விட்டுப்போகிறோம் என்று தெரியாமலே. மியூச்சுவல் காலத்துப் படங்களில் வெட்டி எறியப்பட்ட சுருள்கள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்தன. கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் அவற்றை வரிசைப்படுத்தி 1983-இல் 'அன்னோன் சாப்ளின்' என்ற தொலைக்காட்சித் தொடராக ஆக்கினார்கள். அதில் 'தி இமிக்ரன்ட்' படம் உருவான விதம் வருகிறது. அமெரிக்காவுக்கு வந்து இறங்கிய ஏழை சாப்ளின், ஓர் உணவகத்தில் சாப்பிட உட்காருகிறார். அங்கே தலைமைச் சர்வர் வேஷத்தை முதலில் போட்டது ஹென்றி பெர்க்மன். பெர்க்மனும் தடித்த ஆள்தான், கெட்டிக்கார நடிகரும்கூட. காட்சியைப் பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒட்டவில்லை. பிறகு பெர்க்மனை எடுத்துவிட்டு எரிக்கை நிறுத்தி, முதலிலிருந்து எடுத்தார் சாப்ளின். பெர்க்மனுக்கு அதே உணவகத்துக்கு வரும் ஓவியர் வேஷம்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பெர்க்மன் சிடுசிடுக்கிறார். எரிக் சும்மா நிற்கிறார். தொப்பியைக் கழற்று என்று கை காட்டுகிறார். பக்கத்து மேஜையில் ஒருவன் பத்து சென்ட் குறைவாகக் கொடுத்ததற்குச் சர்வர்கள் எல்லோரும் சேர்ந்து அவனைத் துவைத்து வெளியே தள்ளுகிறார்கள். சாப்ளின் மெல்லத் தன் பையைத் தடவுகிறார். பையில் ஓட்டை. இருந்த ஒரே நாணயமும் விழுந்துவிட்டது. அப்புறம் கீழே கிடக்கும் ஒரு நாணயம் கைக்கு வருகிறது, அதை எரிக் பல்லில் வைத்துக் கடிக்கிறார், அது வளைகிறது. கள்ள நாணயம். அந்தக் கடி ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் சாப்ளினோடு சேர்ந்து நம் வயிறும் கலங்குகிறது. கையில் காசில்லாமல் ஓட்டலில் உட்கார்ந்திருந்த அனுபவம் யாருக்காவது இருந்தால் அவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். எனக்குக் கல்லூரி நாளில் ஒருமுறை இருந்தது.

முரடனாக மட்டும்தான் அவர் வந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். 'தி க்யூர்' படத்தில் காலில் பெரிய கட்டுப் போட்ட வாதநோய்க்காரர். ஆரோக்கிய விடுதியின் சுழல்கதவில் அந்தக் கட்டுக்கால் மாட்டிக்கொள்கிறது. இன்னோர் இடத்தில் எட்னாவைப் பார்த்து அசடு வழியக் கண்ணடிக்கிறார். நடுவில் உட்கார்ந்திருக்கும் சாப்ளின் அதைத் தனக்கு என்று நினைத்து நெளிகிறார். அந்த ராட்சத முகத்தில் அவ்வளவு குழைவு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நிஜத்தில் சாதுவான மனிதர் என்றுதான் அவரை அறிந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

'தி இமிக்ரன்ட்' 1917 ஜூனில் வெளியானது. அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் விட முடியாது. ஜூலை 9 அன்று சான்டா மோனிகா பக்கத்தில் ஓர் உணவகத்தில் இரவு சாப்பிட்டுவிட்டு வந்த எரிக்கின் மனைவி மாரடைப்பில் இறந்துபோனார். துக்கத்துக்கு உடுத்தும் கறுப்பு உடை வாங்க வெளியே போன மகள் மீது கார் மோதியது. உயிர் பிழைத்தாள், ஆனால் பலத்த காயம். செப்டம்பரில் ஒரு விருந்தில் மேடை நடிகை ஒருவரைச் சந்தித்து, ஐந்தே நாளில் எரிக் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு மாதம் முடிவதற்குள் அந்தப் பெண் விவாகரத்துக் கேட்டு வழக்குப் போட்டுவிட்டார். எரிக் வீட்டை விட்டு லாஸ் ஏஞ்சலீஸ் அத்லெட்டிக் கிளப்பில் அறை எடுத்துத் தங்கினார். சாப்ளின் தங்கியிருந்ததும் அங்கேதான்.

டிசம்பர் 20, விடியாத நேரம். விருந்து ஒன்றில் நிறையக் குடித்துவிட்டு, வில்ஷயர் சாலையும் வெர்மான்ட் சாலையும் சந்திக்கிற இடத்தில் காரை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து இன்னொரு காரோடு மோதினார். அங்கேயே முடிந்தது. வயது 37.

அந்த ஒன்றரை வருடம்தான் நமக்குத் தெரிந்த எரிக் காம்ப்பெல். 1916 மே மாதம் 'தி ஃப்ளோர்வாக்கர்', 1917 அக்டோபரில் 'தி அட்வென்ச்சரர்'. அதற்கு முன்னால் மேடையில் கழிந்த வருடங்கள் காற்றோடு போயின, நாடகக்காரர்கள் எல்லோருக்கும் போவதைப் போல.

எரித்த பிறகு சாம்பலைக் கேட்டு யாரும் வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஈமச்சடங்கு நிலையத்தில் கிடந்து, 1938-இல் ரோஸ்டேல் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அங்கேயும் அலுவலக அலமாரி ஒன்றில் இருந்து, கடைசியில் 1952-இல்தான் மண்ணுக்குள் போனது.

எரிக் இறந்த சமயத்தில் சாப்ளின் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தத்தோடு பர்ஸ்ட் நேஷனல் கம்பெனிக்கு மாறியிருந்தார். சொந்த ஸ்டுடியோ கட்டி முடிகிற நேரம். எட்னா, பெர்க்மன், டாதரோ எல்லோரும் கூடவே போனார்கள். எரிக் இடத்துக்கு ஆள் வரவில்லை. பெரிய உடம்புக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். 'தி கோல்ட் ரஷ்' படத்தில் மேக் ஸ்வெயின் வந்தார், ஆனால் அவர் எதிரி இல்லை, கூட்டாளி, பசியில் சாப்ளினைக் கோழியாகக் காண்கிற கூட்டாளி. பிறகு வந்த படங்களில் சாப்ளினை விரட்டுவது ஒரு மனிதனாக இருப்பது குறைந்துகொண்டே போகிறது. பசி விரட்டுகிறது, பனிப்புயல் விரட்டுகிறது, 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் இயந்திரம் விரட்டுகிறது. எரிக் இறந்ததனால்தான் இப்படி ஆனது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சாப்ளின் வளர்ந்துகொண்டிருந்தார், எப்படியும் அங்கே போயிருப்பார். ஆனால் அந்த உலகம் முழுவதையும் ஒரே உடம்பில், ஒரே ஜோடிப் புருவத்தில் அடைத்து வைத்திருந்த காலம் 1917-உடன் முடிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

அப்பாவிடம் இவ்வளவையும் கத்திச் சொல்ல முடியாது, தெருவுக்கே கேட்கும். காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன், நான்கு தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பாதியில் நிமிர்ந்து, "கடைசிப் படம் எடுத்தது எப்போ?" என்றார். 'தி அட்வென்ச்சரர்' எடுத்தது அந்தக் கோடையில்தான் என்று தாளின் ஓரத்தில் எழுதினேன்.

"பொண்டாட்டி செத்த பிறகா?"

தலையாட்டினேன். அதைப் போடச் சொன்னார். அதில் எரிக் தாடி வைத்த பணக்காரர், எட்னாவைக் கட்டிக்கொள்ள நினைப்பவர். சாப்ளின் தப்பி வந்த கைதி. கடைசியில் வீட்டுக்குள் துரத்தல், ஓட்டம், பின்பக்கத்தில் உதை. தள்ளுகதவின் இரண்டு பலகைக்கு நடுவே எரிக்கின் கழுத்து மாட்டிக்கொள்கிறது, தலை மட்டும் இந்தப் பக்கம். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை, முன்னால் சாய்ந்து அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். கதவு மூடியது, கண்கள் பிதுங்கின.

"வேலையில ஒண்ணும் குறை வைக்கல" என்றார் அப்பா. பிறகு அந்த நான்கு தாளையும் மடித்து, காது மெஷின் இருக்கும் டிராயரில் வைத்தார்.